நல்லூர்ச் சுவாமியார்

1875ஆம் ஆண்டு மானிப்பாயிற் பிறந்து, 1901இல் குருப்பட்டம் பெற்று, நல்லூரை நிலைக்களனாகக் கொண்டு, 1947இல் மறையும்வரை இறைபணியோடு தமிழ்ப்பணியும் ஆற்றியவர் சுவாமி ஞானப்பிரகாசர். ஊரூராகச் சென்று மறைபோதித்த அக்குருவானவரே 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சன’த்தை எழுதினார், தமிழ்ச் சொற்களின் வேர்தேடிச் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியையும் வகுக்கத் தொடங்கினார். அவருடைய சமய வாதங்களை ஏற்காத சைவரும் அவரது தமிழறிவை மதித்தனர்.

1956 முதல் நாம் மொழியுரிமைக்கு வழக்காடி வந்திருக்கிறோம். வழக்கு வெல்லச் சான்று வேண்டும். சான்று தேட உழைப்பு வேண்டும். உரிமை கோருவோர் பலராயும் உழைப்போர் சிலராயும் இருப்பது நமக்குப் பெருமையன்று. அவ்வகராதி அவர் காலத்தில் முற்றுப்பெறவில்லை. சுவாமியாருக்குச் சிலை எழுப்புதல் எளிது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதே நம் கடன்.