கணக்கைக் கேட்டால் காலத்தோடு தர வேண்டும்

பக்கத்துக் கிராமத்துக்குப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு வந்து விட்டது. நம் கிராமத்துக்கு ஒரு பைசாக் கூட இல்லை. சம்பா அறுவடை முடிந்து சில மாதங்கள் சென்றதும் டெல்டாப் பகுதியில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஒரே மழை, ஒரே வாய்க்கால், ஒரே ரக நெல். பின் ஏன் இந்த வித்தியாசம்? டீக்கடையில் பேசினால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஆனால் சரியான விடை அரசாங்கத்தின் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேடு ரகசியம் அல்ல. அது நம் கைக்கு எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி.

2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெல்லுக்கு மகசூல் குறைவை முக்கியமாகப் பயிர் அறுவடைப் பரிசோதனையைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். கிராமத்துக்கு நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவது வழக்கம். நான்கையும் கூட்டினால் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். அந்த இரண்டரை சென்ட் நெல்லின் எடைதான் ஊர் முழுவதற்கும் தீர்ப்பு! உத்தரவாத மகசூலில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், காப்பீட்டுத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு இழப்பீடாகக் கிடைக்கும். குறையவில்லை என்றால் ஒன்றும் கிடையாது.

எனவே, நம் ஊரில் எந்தெந்த சர்வே எண்களில் அறுத்தார்கள், எந்தத் தேதியில் அறுத்தார்கள், எடை எவ்வளவு, உத்தரவாத மகசூல் எவ்வளவு என்று தெரிந்து கொள்ள விவசாயிக்கு முழு உரிமை உண்டு. மேட்டு நிலமாகப் பார்த்து அறுத்தார்களா, தண்ணீர் தேங்கிய பள்ள வயலும் அதில் இருந்ததா என்பது சர்வே எண்ணைப் பார்த்ததும் ஊர்க்காரர்களுக்கு விளங்கி விடும். வெளியூர் அதிகாரிக்கு அது விளங்காது.

2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. இது வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும் மட்டும் கேட்டு வாங்கிய சட்டம் அல்ல. ராஜஸ்தானத்தில் கூலிக்காரர்களும் குடியானவர்களும் சேர்ந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, வேலைக்கு வந்தவர்களின் கூலிப் பட்டியலைக் காட்டு என்று கேட்டுப் போராடியது. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். கணக்கைக் காட்டு என்ற அந்தக் கோரிக்கைதான் பிறகு நாட்டுக்கே சட்டமாயிற்று. நம் தமிழ்நாட்டில் 1997-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டார்கள்.

சட்டப்படி முப்பது நாளில் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று அலுவலர் கேட்கக் கூடாது. கெடு தாண்டினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும். பொதுத் தகவல் அலுவலர் தக்க காரணமின்றித் தாமதித்தால், ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அவருக்கு அபராதம் போடலாம். காரணம் இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியதும் அவர் பொறுப்பே. ஏட்டில் இவ்வளவு நன்றாக இருக்கிறது.

நடப்பில் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் முதல் தேதி மனுக் கொடுத்தால் ஜூலை முதல் தேதி வரை பொறுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. அதை முப்பது நாளில் முடிக்க வேண்டும். காரணம் எழுதி வைத்து நாற்பத்தைந்து நாள் வரை இழுக்கலாம். ஆகஸ்ட் பாதி ஆகி விட்டது. அதற்கும் பலனில்லை என்றால் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மேல்முறையீடு செய்யும் நமக்குத் தொண்ணூறு நாள் என்று கெடு வைத்த சட்டம், அதை விசாரித்து முடிக்கும் ஆணையத்துக்கு எந்தக் கெடுவும் வைக்கவில்லை. இதற்குள் அடுத்த சம்பா வந்து விடும். பல மாவட்டங்களில் அதற்குப் பிரீமியம் கட்டும் கடைசித் தேதியாக நவம்பர் 15 அறிவிக்கப்படுவது வழக்கம். சில ஆண்டுகளில் நீட்டிப்பதும் உண்டு. போன வருஷக் கணக்குத் தெரியாமலே இந்த வருஷப் பணத்தைக் கட்ட வேண்டியதுதான். நகரத்தில் இருப்பவருக்கு ஆறு மாதத் தாமதம் எரிச்சலோடு போய் விடும். விவசாயிக்கு அது ஒரு போகம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நகலுக்கு இத்தனை ரூபாய் கட்டு என்று இருபத்தொன்பதாம் நாள் கடிதம் போடுவது. அந்தக் கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து நாம் பணம் கட்டும் நாள் வரை முப்பது நாள் கணக்கில் சேராது. நாலு பக்க நகலுக்கு எட்டு ரூபாய். அதைச் சொல்ல ஒரு மாதமா?

அலுவலர்கள் பக்கத்து நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. ஒரே கிராம நிர்வாக அலுவலர் இரண்டு கிராமங்களைப் பார்ப்பதும், ஒரே உதவியாளர் எல்லாக் கோப்பையும் தேடுவதும் நாம் அறிந்ததே. ஆனால் பரிசோதனை எடை அறுவடையன்றே குறிக்கப்படுகிறது. அதைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. நாலு வரியை ஒரு தாளில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால், நூறு மனுக்கள் வரும் இடத்தில் ஒன்றும் வராது. கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. பட்டாவையும் சிட்டாவையும் இணையத்தில் போட்டுக் காட்டிய அரசுக்கு இது பெரிய வேலையல்ல.

இரண்டாம் மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் நாள் குறிக்க வேண்டும். விவசாய சம்பந்தமான மனுக்களைப் பருவம் பார்த்து முன்னதாக விசாரிக்க ஆணையம் முன்வர வேண்டும். அபராதம் போடுவதில் ஆணையத்துக்கு இத்தனை தயக்கம் ஏன் என்றும் தெரியவில்லை. இரண்டு பேருக்குப் போட்டால் இருபது அலுவலகங்கள் நாளைப் பார்த்து வேலை செய்யும்.

அதுவரை, இந்த விஷயத்தில் நம் பக்கம் தாமதம் இருக்கக் கூடாது. மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். புகார் எழுத வேண்டாம். கிராமம், பருவம், பயிர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு வேண்டிய பதிவேட்டின் நகலை மட்டும் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, சான்று வைத்தால், அதுவும் வேண்டாம். வேறு துறைக்கு உரியது என்றால் ஐந்து நாளில் அவர்களே அங்கு அனுப்ப வேண்டும். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மனு அவர்களுக்குக் கிடைத்து முப்பது நாள் கழிந்ததும், நினைவூட்டுக் கடிதம் எழுதி நாளைப் போக்காமல், நேராக முதல் மேல்முறையீட்டை அனுப்பி விடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.