ஊமைக் கிட்டார்!

மூன்று மாதம் இரவு பகலாக உழைக்கிறார் ஒருவர். நல்ல மரமாகப் பார்த்து வாங்குகிறார். அறுக்கிறார், வளைக்கிறார், ஒட்டுகிறார். கண்ணாடி போல் மெருகு ஏற்றுகிறார். கடைசியில் ஆறு தந்திகளையும் பூட்டி, விரலால் மீட்டுகிறார்.

"டங்" என்று எழ வேண்டிய நாதம் "தொப்" என்று விழுகிறது!

பார்வைக்கு அழகு. ஒட்டில் குறை இல்லை. சுருதியும் சேருகிறது. ஆனால் உயிர் இல்லை.

கையால் கிட்டார் செய்யப் பழகுகிறவர்கள் பலருக்கு, எந்த நாட்டிலும், நேருகிற துன்பம் இது. உடனே அவர்கள் சொல்லும் சொல்: "மரம் சரியில்லை." அடுத்த கிட்டாருக்கு, இன்னும் விலை உயர்ந்த மரத்தைத் தேடிப் புறப்பட்டு விடுகிறார்கள்.

இது தவறு. மரத்தின் மேல் பழி போடுவது எளிது. மரம் எதிர்த்துப் பேசாது அல்லவா?

அட்டைக் கிட்டார்

ஸ்பெயின் நாட்டில் அந்தோனியோ டி டோரஸ் என்று ஒருவர் இருந்தார். 1817-ல் பிறந்தவர். தச்சு வேலை கற்றவர். இன்று உலகம் எங்கும் வாசிக்கப்படும் ஸ்பானிஷ் கிட்டாரின் அளவும் அமைப்பும் பெரும்பாலும் அவர் போட்டுக் கொடுத்த வழிதான்.

1862-ல் அவர் ஒரு வேலை செய்தார். கிட்டாரின் முகத்துக்கு மட்டும் நல்ல ஸ்புரூஸ் பலகையை வைத்தார். முதுகுக்கும் பக்கங்களுக்கும் மரமே வைக்கவில்லை. காகித அட்டையை வைத்தார்!

அந்தக் கிட்டார் ஊமையாகவில்லை. நல்ல நாதம் தருகிறது என்று பேர் வாங்கியது. இப்போது பார்சிலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டாரின் உயிர் மேல்பலகையில் இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லவில்லை. செய்தே காட்டிவிட்டார்.

தவிலுக்குத் தோல் எப்படியோ, கிட்டாருக்கு மேல்பலகை அப்படி. தந்தி மெல்லியது. தனியாக அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. தந்தி குதிரையை ஆட்ட வேண்டும். குதிரை பலகையை ஆட்ட வேண்டும். பலகை காற்றை ஆட்ட வேண்டும். பலகை ஆட மறுத்தால் எல்லாம் அங்கேயே நின்று போகும்.

பயம்தான் காரணம்

பலகை ஏன் ஆட மறுக்கிறது? செய்தவரின் பயம்!

ஆறு நைலான் தந்திகள் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். எஃகுத் தந்தியானால் 70 கிலோவுக்கு மேல். ஓர் ஆளைத் தூக்கிக் கட்டியது போல! மெல்லிய பலகை பிய்ந்து வந்து விடுமோ என்று புதியவர் நடுங்குகிறார். ஆகவே கொஞ்சம் கனமாகவே விட்டு விடுகிறார். உள்ளே ஒட்டும் தாங்கு சட்டங்களையும் தடியாகவே வைக்கிறார்.

"கொஞ்சம்தானே?" என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். 2½ மில்லிமீட்டர் போதும் என்ற பலகையை 3 மில்லிமீட்டரில் நிறுத்தினால், எடை நூற்றுக்கு 20 பங்குதான் கூடும். ஆனால் விறைப்பு நூற்றுக்கு 73 பங்கு கூடிவிடும். பருமன் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு! சட்டங்களின் உயரத்துக்கும் இதே கணக்குத்தான்.

அரை மில்லிமீட்டர் பயம், மூன்று மாத உழைப்பை முழுங்கி விடுகிறது.

"வாசிக்க வாசிக்கத் திறந்து கொள்ளும்" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. புதுக் கிட்டார் சில வாரத்தில் சிறிது மாறலாம். ஆனால் தடித்த பலகை வாசித்தால் மெலியாது. இழைத்தால்தான் மெலியும்.

ஈட்டி மரம் என்ன பாவம் செய்தது?

இந்தப் பழி நம் ஊர் மலை வரைக்கும் வருகிறது. கிட்டார் முதுகுக்கு முன்பு பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தை விரும்பினார்கள். அது அரிதாகவே, அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்பது வேறு எதுவும் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்! மெல்ல வளரும் மரம். அதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள். 2017-ல் அந்த இன மரங்கள் அனைத்தும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

இவ்வளவு அரிய மரத்தால் நாதம் கூடுகிறதா? இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆறு கிட்டார்களைச் செய்வித்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி. முதுகு, பக்க மரம் மட்டும் வேறு வேறு. மங்கிய வெளிச்சத்தில் 52 பேர் வாசித்து மார்க் போட்டார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் மார்க்கில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! 2018-ல் வெளியான முடிவு இது.

அழகுக்காக ஈட்டி வேண்டும் என்றால் சரி, அது ஒருவர் ஆசை. ஊமைக்கு மருந்து என்று சொல்லி அதை வெட்டுவதுதான் அநியாயம்.

முதலில் என்ன பார்ப்பது?

எடுத்தவுடன் உளியைத் தூக்கக் கூடாது. முதலில் தந்தியை மாற்ற வேண்டும். வியர்வை பட்டுத் துருவேறிய தந்தி எந்தக் கிட்டாரையும் ஊமையாக்கும். செலவும் குறைவு. பிறகு, குதிரையின் மேல் உள்ள எலும்புத் துண்டு காடியில் அடிவரை படிந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைமயிர் அளவு இடைவெளி இருந்தாலும் அதிர்வு அங்கே விழுந்து விடும்.

அடுத்தது ஈரம். மழைக் காலத்தில் மரம் தண்ணீர் குடித்துக் கனத்து நிற்கும். காற்றின் ஈரம் நூற்றுக்கு 45 முதல் 50 வரை உள்ள அறையில் சில நாள் வைத்து மறுபடி கேட்க வேண்டும்.

பிறகு விரல் முட்டியால் பலகை முழுவதும் தட்டிப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் கரகரத்தால், உள்ளே சட்டம் ஒட்டு விட்டிருக்கிறது. எங்கே தட்டினாலும் மேஜையைத் தட்டுவது போல் இருந்தால், பலகை தடிப்பு.

அப்போதுதான் இழைப்புளி. தந்திகளைத் தளர்த்தி, நடுத் துளை வழியாகக் கையை விட்டு, விளிம்பை நோக்கிப் போகும் சட்டங்களின் நுனியை மட்டும் இழைக்க வேண்டும். குதிரைக்கு நேர் அடியிலும், சட்டங்கள் குறுக்கிடும் இடத்திலும் கை வைக்கவே கூடாது. நாலு சுருள் விழுந்ததும் நிறுத்தி, தந்தியை முறுக்கி, வாசித்துக் கேட்க வேண்டும். போதவில்லையா? இன்னும் நாலு சுருள். இழைத்த சுருளைத் திரும்ப ஒட்ட வச்சிரம் எந்தக் கடையிலும் கிடைக்காது.