எந்த வால்வு, எந்த வார்டு?

2024 செப்டம்பர் இரண்டாம் வாரம் தொடங்கியபோது திருவனந்தபுரத்தின் பல வீடுகளில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நாகர்கோவில் இரட்டை ரயில் பாதைக்காகப் பெரிய குடிநீர்க் குழாய்களை இடம் மாற்றும் வேலை இரண்டு நாளில் முடிந்திருக்க வேண்டும். குழாய்களைப் பொருத்துவதில் சிக்கல் வந்து நாள்கணக்கில் இழுத்தது. மாநகராட்சியின் 100 வார்டுகளில் 44 வார்டுகள் தவித்தன. டேங்கர் லாரிகளுக்காகக் குடங்கள் காத்துக்கிடந்தன; கல்வி நிலையங்களுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று.

எந்தக் கணினியும் அந்தக் குழாயைச் சீக்கிரம் பொருத்தித் தந்திருக்காது. ஆனால் வேலைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: இந்த இடத்தை அடைத்து, வேலையும் நான்கு நாள் நீண்டால், எந்தத் தொட்டி, எந்த மருத்துவமனை, எந்தத் தெரு வறளும்? மாற்று வழி எது?

வழக்கமான தரவுத்தளத்தில் பம்புகளுக்கு ஓர் அட்டவணை, வால்வுகளுக்கு ஒன்று, வார்டுகளுக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கும். ஒரு வால்விலிருந்து கடைசி வீடு வரை எத்தனை படிகள் என்று தெரியாதபோது, அட்டவணைகளை மாற்றி மாற்றிக் கோப்பது பெரும் பாடு. கிராஃப் தரவுத்தளம் இணைப்பையே ஒரு தகவலாகச் சேமிக்கிறது: நகருக்குக் குடிநீர் தரும் அருவிக்கரையில் சுத்திகரித்த நீர் எந்தக் குழாய்க்குப் போகிறது, எந்த உணரி அதை அளக்கிறது, அந்த உணரிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது. கண்ணிக்குக் கண்ணி தொடர்ந்தால் பதில் கிடைத்துவிடும். 2016-இல் வெளியான பனாமா ஆவணங்களின் 1.15 கோடிக் கோப்புகளில் யாருக்கு யார் பினாமி என்று பத்திரிகையாளர்கள் துழாவியதும் இதே முறையில்தான். இதற்கான வினவல் மொழிக்கு 2024 ஏப்ரலில் சர்வதேசத் தரநிலையும் வந்துவிட்டது.

பொறுப்பும் ஓர் இணைப்புதான். அதே ஆண்டு ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் இறங்கிய துப்புரவுத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அவரைத் தேடும்போது, சாக்கடைக் குழிகளைச் சுத்தம் செய்ய இந்நகரிலேயே உருவான பாண்டிகூட் ரோபோவும் வரவழைக்கப்பட்டது. கால்வாயின் அந்தப் பகுதியைச் சுத்தம் செய்ய வேண்டியவர் யார் என்று கேட்டபோது ரயில்வேயும் மாநகராட்சியும் ஒருவரையொருவர் கைகாட்டின. எந்தப் பகுதி யார் பராமரிப்பில் என்பது பதிவாகியிருந்தால், அந்தக் கைகாட்டலுக்கு இடமிருந்திருக்காது.

இந்த இணைப்புப் பதிவுகள் எல்லாவற்றையும் தொலைவிலுள்ள கிளவுடில் வைத்தால் போதுமா? போதாது. பருவமழை இரவில் கேபிள் அறுந்தால் பம்பு நிலையம் மும்பையையோ சென்னையையோ கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. தன் கீழுள்ள வால்வுகள், உணரிகள், தொட்டிகளின் இணைப்புப் படம் நிலையத்துக் கணினியிலேயே ஒரு பிரதியாக இருக்க வேண்டும். முழு நகரத்தின் படம் கிளவுடில் இருக்கலாம். கேபிள் சரியான பிறகு இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இருட்டில் ஊழியர் கையால் மூடிய வால்வு, கிளவுடில் இன்னும் 'திறந்திருக்கிறது' என்று காட்டினால் அது வெறும் பிழையோடு நிற்காது, விபத்தாகிவிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தோடும் நேரமும் செய்தவரின் அடையாளமும் பதிய வேண்டும். ஒரு நகரின் குடிநீர்ப் பாதை முழுவதும் அடங்கிய படம் தவறான கைக்குப் போகக் கூடாது என்பதால், யார் எதுவரை பார்க்கலாம் என்ற வரம்பும் தேவை.

1990-இல் டெக்னோபார்க்கைத் தொடங்கிய நகரம் இது. ஆள்பலத்துக்கோ அறிவுக்கோ பஞ்சமில்லை. குறை டெண்டரில்தான். எத்தனை உணரி, எத்தனை கேமரா என்று எண்ணி வாங்குகிறோம். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்ற பதிவு ஒப்பந்ததாரரோடு போய்விடுகிறது. இனி இணைப்புப் பதிவைப் பொதுத் தரநிலையில் ஒப்படைத்தால்தான் கடைசித் தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அருவிக்கரையிலிருந்து நகருக்கு வரும் முதன்மைக் குழாய்களில் தொடங்கலாம். ரயில்வே, கேரள நீர் ஆணையம், மாநகராட்சி மூன்றும் அடுத்த குழாய் மாற்றத்துக்கு முன் அந்த ஒரே படத்தில் கையெழுத்திட வேண்டும்.