நெடுந்தீவுக்கு எட்டாத வரலாறு: ஈழத்துப் பொப்பிசையும் பத்திரிகை நறுக்குகளும்

இசைக்குழு ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலிற் செல்லுமிடம் பழைய பத்திரிகைக் கட்டுகள் கிடக்கும் அறையாகும். குழுவின் பெயர் தோன்றும் பத்திகள் தேடி எடுக்கப்படுகின்றன. திகதி வரிசையில் அடுக்கப்படுகின்றன. இடையிடையே ஒரு புகைப்படமும் இரண்டொரு பாராட்டுரைகளும் சேர்ந்ததும் வரலாறு முடிந்துவிடுகின்றது. மேலைநாட்டு றொக் இசைக்குழுக்கள் பற்றி இம்முறையில் எழுந்த நூல்கள் பல. ஈழத்துப் பொப்பிசை பற்றியும் மெல்லிசைக் குழுக்கள் பற்றியும் எழுதுவோர் அதே தடத்திற் செல்லத் தலைப்பட்டுள்ளனர். உழைப்பை வேண்டும் முறை என்பதில் ஐயமில்லை. ஆயின் இந்த நறுக்குகள் யாருடைய வரலாற்றைச் சொல்லுகின்றன என்ற வினாவை அன்னார் எழுப்புவதில்லை. அவ்வினாவைக் கொழும்பில் நின்று எழுப்புவதிலும் பார்க்க நெடுந்தீவில் நின்று எழுப்புதல் தெளிவு தரும்.

வேலணையையும் புங்குடுதீவையும் போலத் தாம்போதியால் குடாநாட்டோடு இணைக்கப்படாது தென்மேற்கே தனித்துக் கிடப்பது நெடுந்தீவு. கொழும்பில் அச்சாகும் நாளேடு யாழ்ப்பாணம் வந்து, புங்குடுதீவைக் கடந்து, குறிகட்டுவான் துறையிற் படகேறி, ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணத்தின் பின்னரே அங்குள்ள வாசகனின் கையை அடையும். கடல் கொந்தளிக்கும் நாளில் அதுவுமில்லை. வானொலிக்கோ படகு வேண்டியதில்லை. 1967 இல் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை கொழும்பிற் கேட்ட அதே கணத்தில் தீவிலும் கேட்டது. ஆதலின் தீவினருக்குப் பாட்டு முதலில். பாடியவர் பற்றிய செய்தி பின்னர், அதுவும் வந்தால். பத்திரிகையை அடியாகக் கொண்ட வரலாறு இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடுகின்றது. செய்தி வந்த நாளில் இசை பிறந்ததாகவும், செய்தி நின்ற நாளில் இசை மடிந்ததாகவும் அது கணக்கிடுகின்றது.

பொப்பிசை எவ்வாறு தோன்றிற்று என்பதை ஈண்டுச் சுருங்க நோக்கலாம். 1960களின் பிற்கூறில், அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவகத்தில் மாணவராயிருந்த உரும்பிராய் நித்தி கனகரத்தினம் கிற்றாரின் துணையுடன் பைலாத் தாளத்திற் பாடிய “சின்ன மாமியே” விரைந்து பரவியது. ஏ. ஈ. மனோகரன் பாடிய “சுராங்கனி” பாக்குநீரிணையைக் கடந்து தமிழகத்தில் ஒலித்தது; 1977 இல் தமிழகத் திரைப்படமொன்றிலும் புகுந்தது. இதே காலத்திற் சிங்கள மொழியில் மூன்ஸ்டோன்ஸ் குழுவும், 1971 இல் தொடங்கிய ஜிப்சீஸ் குழுவும் மின்கிற்றாரையும் டிரம்மையும் மேடைக்குக் கொணர்ந்தன. யாழ்ப்பாணத்திற் கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி முதலியன கோயில் வீதிகளில் இரவிரவாகப் பாடின.

இவ்வளவு பேர் கூடி வளர்த்த ஒன்றுக்குப் பத்திரிகை மரபு விட்டுச்சென்றவை இரண்டு பட்டங்கள்: நித்தி கனகரத்தினம் “பொப்பிசையின் தந்தை”, மனோகரன் “பொப்பிசைச் சக்கரவர்த்தி”. இருவரின் ஆற்றலையும் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. ஆயின் தந்தையும் சக்கரவர்த்தியும் கிடைத்ததும் ஆராய்ச்சி ஓய்ந்துவிடுகின்றது. திருகோணமலையின் பரமேஸ் கோணேஸ் சகோதரர் முன்னோடிகள் என்போர் உளர். அவர்களுக்கு எந்த அரியணை கொடுப்பது என்ற சண்டையே வரலாற்று விவாதமாகி விடுகின்றது. இசைக்குழுவோ ஒருவராலாயதன்று. டிரம் அடித்தவர், பேஸ் கிற்றார் மீட்டியவர், ஒலிபெருக்கிக் குழலை மரத்திற் கட்டியவர், மின்பிறப்பாக்கியை விடியும்வரை அணையாது காத்தவர் ஆகியோரின்றி அது இயங்காது. இவர்களுக்குப் பத்திரிகையிற் பெயர் வருவது பெரும்பாலும் மரண அறிவித்தலில் மட்டுமே. அங்கும் “கலைஞர்” என்ற சொல் இடம்பெறுமென்பதற்கு உறுதியில்லை.

நறுக்குகள் வாய்மையானவை, அச்சேறியதை யாரும் மாற்றவியலாது என்பர் சிலர். அச்சேறிய சொல் மாறாதிருக்கலாம். அதன் பொருள் இடத்துக்கிடம் மாறும். பீற்றில்ஸ் குழுவின் ஜோன் லெனன் தமது குழு இயேசுவினும் பிரபலமானது என்ற கருத்துப்படக் கூறியது 1966 மார்ச் 4 ஆம் திகதி லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் இதழில் வெளியாயிற்று. பிரித்தானியாவில் அதை எவரும் பெரிதுபடுத்தவில்லை. அக்கூற்றையே அமெரிக்க இளைஞர் சஞ்சிகையான டேட்புக் சில மாதங்களின் பின் மறுபிரசுரம் செய்தபோது தென்மாநிலங்களில் இசைத்தட்டுகள் எரிக்கப்பட்டன. ஓகஸ்ட்டில் லெனன் சிக்காகோவிற் செய்தியாளர் முன் விளக்கமளிக்க வேண்டியவரானார். லண்டன் நறுக்கை மட்டும் வைத்திருப்பவருக்கு அது ஒரு சாதாரண நேர்காணல். அமெரிக்க நறுக்கை மட்டும் வைத்திருப்பவருக்கு அது ஒரு மதப்போர். உலகின் அதிபுகழ் வாய்ந்த குழுவின் கதியே இதுவெனில், நாளேட்டின் ஆறாம் பக்கத்தில் நான்கு வரி பெற்ற யாழ்ப்பாணத்துக் கோஷ்டியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, பத்திரிகை நெடுந்தீவை எவ்வாறு கண்டது? கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்குமரம், குடிநீர்ப் பஞ்சம், ஓடாத படகு ஆகியவை பற்றி அவ்வப்போது எழுதியது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகிற் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டபோது அத்தீவு தலைப்புச் செய்தியாயிற்று. விலங்குள்ள இடமாகவும் துயருற்ற இடமாகவும் அறியப்பட்ட தீவு, பாட்டுக் கேட்ட இடமாக அறியப்படவில்லை. நறுக்குகளை நம்புவோருக்கு நெடுந்தீவும் பொப்பிசையும் சந்திக்குமிடம் ஒன்றே ஒன்றுதான்: செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாக்கி எழுதிய “வாடைக்காற்று” நாவல் 1978 இல் திரைப்படமானபோது அதில் மனோகரன் நடித்தார். பாடகர் தீவின் கதைக்குள் வந்தார் என்பதைப் பத்திரிகை சொல்லும். தீவின் மீனவன் அப்பாடகரைத் தன் வாடிக்குள் எப்போது, எவ்வாறு வரவழைத்தான் என்பதைச் சொல்லாது. திரான்சிஸ்ரரைத் திருப்பியதற்குச் செய்தியாளர் வருவதில்லை.

இவ்விடத்து எதிர்வாதமொன்று எழும். செய்தியில்லாத இடத்தில் நிகழ்வுமில்லை என்றே கொள்ளவேண்டும், ஊகத்தின்மேல் வரலாறு எழுப்பலாகாது என்பதே அது. கேட்பதற்குக் கண்டிப்பான ஆய்வு நெறிபோலத் தோன்றும் இவ்வாதம் ஈழத் தமிழர் விடயத்தில் மிகக் கொடியது. வடபுலத்தின் ஊர்ச் செய்திகளைக் கொழும்பு ஏடுகளிலும் பார்க்க நெருங்கி நின்று எழுதியது 1959 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பெற்ற ஈழநாடு. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் அதன் அலுவலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரிந்தது. கொழும்பிலோ 1930 இல் தொடங்கிய வீரகேசரியினதும் 1932 இல் தொடங்கிய தினகரனினதும் தொகுப்புகள் அந்நெருப்புக்கு அப்பால் இருந்தன. ஆகவே இன்றைய தேடலிற் கொழும்பு மேடை நிறைந்தும் வடபுல மேடை குறைந்தும் தோன்றுவதற்கு இசையின் அளவு காரணமென எங்ஙனம் துணிவது? சாம்பலைக் காட்டி, இங்கே ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதற்கு அது நிகர். எஞ்சிய ஈழநாடு இதழ்களைத் தேடி மின்வருடி இணையத்தில் ஏற்றிய நூலக நிறுவனத்தின் பணி போற்றத்தக்கது. எனினும் எஞ்சியதை முழுமையெனக் கொள்ளும் பிழையை அந்நிறுவனம் செய்யவில்லை; அதைப் பயன்படுத்துவோரே செய்கின்றனர்.

1990 இன் பின் வடக்கிற் பொருளாதாரத் தடை நிலவியபோது யாழ்ப்பாண நாளேடுகள் அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாகின. அச்சுத்தாள் இல்லாத இடத்தில் இசை விமர்சனத்துக்குப் பக்கம் ஒதுக்குவார் யார்? மின்கலம் கிடையாத அந்நாட்களிற் குடாநாட்டு வீடுகளிற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்க ஏனையோர் செவிமடுத்த அந்த இசையனுபவம் எந்த நறுக்கிலிருந்து வெட்டி எடுக்கப்படும்?

பல்கலைக்கழகமும் இதிற் பொறுப்பினின்று தப்பவியலாது. பண்ணையும் கூத்தையும் கள ஆய்வுக்குரியன என்று ஏற்ற தமிழ்த்துறைகள், கிற்றார் ஏந்தியவனை நீண்டகாலம் வாசலிலேயே நிறுத்தின. கூத்தைப் பற்றி எழுத அண்ணாவியாரிடம் செல்லவேண்டும் என்று கற்பிக்கும் அதே ஆசிரியர், பொப்பிசை பற்றி எழுத விரும்பும் மாணவனைப் பத்திரிகைக் கட்டைப் பார்த்துவரும்படி அனுப்புகின்றார். அண்ணாவியாருக்கு ஒரு நியாயம், டிரம் அடித்தவருக்கு வேறொரு நியாயமா? கூத்துக் கொப்பியைத் தேடிப் படலை படலையாக ஏறி இறங்கும் ஆய்வாளர், ஒலிநாடாப் பெட்டியைத் திறந்து பார்க்கவும் கூசுவதன் காரணம் ஆய்வு நெறியன்று. பழமைக்கே மதிப்பளிக்கும் வழக்கமாகும்.

பத்திரிகையைத் தள்ளிவிட வேண்டுமென்பது கருத்தன்று. அதைப் படிக்கும் பக்கத்தை மாற்ற வேண்டும். பாராட்டுரையிலும் பார்க்க விளம்பரம் உண்மை பேசும்: மண்டபம், நேரம், நுழைவுச்சீட்டின் விலை, உடன் பாடுவோரின் பெயர்கள் ஆகியவற்றைப் பணம் செலுத்தியவன் பிழையின்றி அச்சிடுவிப்பான். அதனோடு கோயில் உபயகாரரின் கணக்குக் கொப்பிகள், ஊர் அச்சகங்கள் அடித்த திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள், தேவாலயப் பெருநாள் நிகழ்ச்சி நிரல்கள், ஒலிநாடா உறைகள், வானொலிக்கு நேயர் விருப்பம் கேட்டு அனுப்பிய அஞ்சலட்டைகள் என்பனவும் சேரவேண்டும். தீவொன்றுக்கு இசைக்குழு செல்வதாயின் வாத்தியங்களும் ஒலிபெருக்கிகளும் படகேற வேண்டும், கூலி பேசவேண்டும், அலை கூடினால் நாள் தள்ளவேண்டும். இவை எல்லாம் யாரோ ஒருவரின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும், எழுதப்படாதவை நினைவிலிருக்கும்.

அந்த நினைவைத் தேடிச் செல்வதற்கும் காலம் சுருங்கிவிட்டது. மனோகரன் 2018 இற் சென்னையில் மறைந்தார். யாழ்ப்பாணத்து மேடைகளிற் பாடி வளர்ந்த எஸ். ஜி. சாந்தன் 2017 இல் மறைந்தார். ஜிப்சீஸ் குழுவின் சுனில் பெரேரா 2021 இல் மறைந்தார். இவர்களின் மறைவு செய்தியாயிற்று. இவர்களைக் கேட்டுத் தாளம் போட்ட நெடுந்தீவினர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கனடாவிலும் சிதறி முதுமையடைந்துள்ளனர். அடுத்த ஆய்வு மாணவன் சுவடிகள் கூடத்துக்கு அனுமதி விண்ணப்பம் எழுதுமுன் குறிகட்டுவானிற் படகேறட்டும். முதற் கேள்வியை இறங்குதுறையில் நிற்கும் எழுபது வயதினரிடம் கேட்கட்டும்.