நாப்பிலியோவில் ஒரு நாள்

ஊர் காணச் செல்வோர் பலர்; ஊரின் உள்ளம் கண்டு மீள்வோர் சிலர். மாடங்களின் உயரத்தையும் கடைத்தெருவின் பொலிவையும் மட்டும் கண்டு திரும்புவோமாயின், கண் பெற்ற பயனில் பாதியையே பெற்றவர் ஆவோம். ஓர் ஊர் தன் பழமையில் எதனைப் போற்றிக் காக்கிறது, எதனை மறைக்க முயல்கிறது என்று ஆராய்ந்தால்தான் அவ்வூராரின் பண்பு நமக்கு விளங்கும். இவ்வுண்மையை எனக்குத் தெளிவாக உணர்த்தியது கிரேக்க நாட்டின் கடற்கரை நகரமாகிய நாப்பிலியோ.

ஏதென்ஸ் நகரில் சில நாள் தங்கியிருந்தபோது, ஒருநாட் காலையில் நானும் என் பெயர்த்தியும் பேருந்தில் ஏறி நாப்பிலியோவுக்குப் புறப்பட்டோம். இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வழியிலே கொரிந்துக் கால்வாயைக் கடந்தோம். பெலொப்பொனீஸ் என்னும் தென்பகுதியை வடநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய நிலத்தைப் பிளந்து, ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் வெட்டப்பட்ட அக்கால்வாய், 1893ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு இடையே, நீர் ஒரு நீலக் கயிறுபோல் நெடுந்தொலைவு கிடந்தது. அப்பால் ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்த சமவெளி விரிந்தது. அதன் எல்லையிலே கடலும், கடலை ஒட்டி நாப்பிலியோவும் தோன்றின.

இவ்வூரை ஆண்டோர் பலர். வெனிஸ் நகரத்தாரும் உதுமானியத் துருக்கியரும் இதனை மாறி மாறிக் கைப்பற்றினர். துறைமுகத்தின் எதிரே சிறு தீவொன்றில் நிற்கும் பூர்ட்சிக் கோட்டை, 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தார் கட்டியது. ஊரின் நடுவே, பளிங்குக் கல் பரப்பிய சதுக்கத்தின் ஒரு பக்கத்தில், அவர்கள் 1713ஆம் ஆண்டில் எழுப்பிய பண்டகசாலை இன்று தொல்பொருட்காட்சி சாலையாக விளங்குகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய வெண்கலக் கவசம் ஒன்று அங்கே உள்ளது. அச்சதுக்கத்தின் அருகிலேயே துருக்கியர் கட்டிய பள்ளிவாசல் ஒன்றும் நிற்கிறது. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நாளில் கிரேக்கரின் சட்டமன்றம் அதில்தான் கூடிற்று. பகைவர் கட்டியது என்று அதனை அவர்கள் இடிக்கவில்லை. தம் ஆட்சிக்கு உரிய இடமாக ஆக்கிக்கொண்டனர்.

கிரேக்கர் தம் விடுதலைப் போரை 1821ஆம் ஆண்டில் தொடங்கினர். விடுதலை பெற்ற நாட்டின் தலைநகர் 1834ஆம் ஆண்டில் ஏதென்ஸுக்கு மாறும் வரையில், நாப்பிலியோவே தலைநகராக விளங்கிற்று. ஆதலின் இவ்வூரின் சிறு தெருக்களிலே பெருநிகழ்ச்சிகள் பல நிகழ்ந்தன. அவற்றுள் துயரம் மிக்கது ஒன்று உண்டு.

குறுகிய சந்தொன்றில் ஸ்பிரிடோன் என்னும் அடியவர் பெயரால் அமைந்த சிறு கோயில் இருக்கிறது. நாட்டின் முதல் ஆளுநராகிய கப்போதிஸ்திரியாஸ், 1831ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் வழிபாட்டிற்காக அங்கே வந்தார். இரஷ்யப் பேரரசரின் வெளிநாட்டு அமைச்சராக விளங்கியவர் அவர், தம் நாட்டுக்குத் தொண்டு செய்யத் திரும்பி வந்தவர், பள்ளிகள் நிறுவியவர். ஆயினும் அரசியல் சட்டத்தை நிறுத்தி வைத்துத் தனியாட்சி நடத்தினார் என்று பலர் அவரை வெறுத்தனர். மாவ்ரொமிக்காலிஸ் என்னும் வீரக் குடியின் தலைவரை அவர் சிறையிலிட்டிருந்தார். அச்சினத்தால் அத்தலைவரின் தம்பியும் மகனும் கோயில் வாயிலிலேயே அவரைக் கொன்றனர். அப்போது சுவரிற் பாய்ந்த குண்டின் தழும்பு என ஓர் இடத்தைக் கண்ணாடியிட்டுக் காத்து வருகின்றனர்.

என் பெயர்த்தி அதனை நெடுநேரம் நோக்கி நின்றாள். "தாத்தா, தங்கள் தலைவரைத் தாங்களே கொன்ற இடத்தை யாராவது கண்ணாடி போட்டுக் காட்டுவார்களா? சுவரைப் பூசி மறைத்திருக்கலாமே!" என்று வினவினாள். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. "மலைக்கு ஏறிவிட்டு வந்து சொல்கிறேன், அம்மா" என்றேன்.

ஊரை ஒட்டி 216 மீட்டர் உயரத்தில் நிற்பது பாலமிடிக் குன்றம். அதன்மேல் உள்ள கோட்டையை 1711 முதல் 1714 வரை வெனிஸ் நகரத்தார் கட்டினர். மறு ஆண்டே துருக்கியர் அதனைக் கைப்பற்றினர். கிரேக்க வீரர் 1822ஆம் ஆண்டு இறுதியில் அதனை மீட்டனர். மேலே செல்லும் படிகள் 999 என்பர் ஊரார். எண்ணிப் பார்த்தவர்களோ அதனினும் குறைவு என்பர். என் முழங்கால்கள் ஊராரின் கணக்கையே ஒப்புக்கொண்டன! குன்றின் பெயர் பலமெதெஸ் என்பவனைக் குறிப்பது. எழுத்துகள் சிலவற்றை வகுத்த அறிஞன் அவன் என்றும், திராய்ப் போரின்போது தன் இனத்தாராலேயே பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கல்லால் எறிந்து கொல்லப்பட்டான் என்றும் பழங்கதை கூறும்.

அக்கதைக்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று வரலாற்றிலும் நிகழ்ந்தது. விடுதலைப் போரின் முதன்மைப் படைத்தலைவர் கொலொகொத்ரோனிஸ். மன்னர் ஓட்டோ இளையராக இருந்தமையால், அவர் பெயரால் நாட்டை ஆண்ட ஆட்சிக் குழுவினர், அம்முதிய வீரர்மீது அரச துரோகக் குற்றம் சாட்டினர். 1834ஆம் ஆண்டில் அவருக்குக் கொலைத் தண்டனை விதிக்கப்பட்டது. எந்த நாட்டின் விடுதலைக்காகப் போரிட்டாரோ, அந்த நாடே அவரைச் சிறையில் அடைத்தது. அவர் கிடந்த சிறை என்று பாலமிடியில் இருண்ட அறையொன்றை இன்றும் காட்டுகின்றனர்.

அவ்வழக்கை ஆராய்ந்த நீதிபதிகள் ஐவர். அவருள் பொலிசோயிதிஸ், தெர்த்சேத்திஸ் என்னும் இருவர், சான்று இல்லாத வழக்கில் கொலைத் தீர்ப்புக்குக் கையொப்பம் இட மறுத்தனர். காவலர் அவர்களை வலிந்து இழுத்து வந்து இருக்கையில் அமர்த்தினர். ஆயினும் அவர்கள் கை எழுத இசையவில்லை. பின்னர் அவ்விருவர்மீதே வழக்குத் தொடுக்கப்பட்டது. அதில் அவர்கள் விடுதலை பெற்றனர். கொலைத் தண்டனை சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது; 1835ஆம் ஆண்டில் மன்னர் வீரரை விடுவித்தார். இன்று அவ்வீரர் குதிரைமேல் வீற்றிருக்கும் சிலை ஊர்ப் பூங்காவில் நிற்கிறது. கையொப்பமிட மறுத்த நீதிபதியர் இருவருக்கும் நீதிமன்றத்தின் முன்னே சிலை வைத்துள்ளனர்.

கோட்டை மதிலின் நிழலில் அமர்ந்தபோது, பெயர்த்திக்கு உரிய விடை எனக்குக் கிடைத்தது. "அம்மா, அந்தச் சிறையை இவர்கள் இடித்திருந்தால், அந்த நீதிபதிகளின் பெருமையை நாம் எவ்வாறு அறிவோம்? இருள் இருந்தது என்று ஒப்புக்கொண்டால்தானே விளக்கின் அருமை தெரியும்?" என்றேன். அவள், "அப்படியானால் அந்தக் குண்டின் தழும்பும் ஒரு பாடந்தான், தாத்தா" என்றாள்.

பழம்புண்ணைக் கிளறுதல் கூடாது என்று சிலர் கூறுவர். முன்னோர் பிழையைச் சிறுவர்க்குக் காட்டினால் நாட்டுப்பற்றுக் குறையும் என்று அஞ்சுவோரும் உளர். அவர்தம் அச்சம் முற்றும் பொருளற்றது அன்று. பகையை வளர்ப்பதற்காகப் பழமையைக் கிளறுவோர் எங்கும் உண்டு. ஆயினும் பழிவாங்கக் கிளறுவது வேறு. பிழை திருந்தக் காப்பது வேறு. நோயை மறைப்பவன் உடலைக் காப்பவன் ஆகான். பெருமைகளை மட்டுமே எழுதி வைத்த வரலாறு, வரவை மட்டும் எழுதிச் செலவை விடுத்த கணக்கேடு போன்றது. அதனை நம்பி வாணிகம் செய்வோன் ஒருநாள் முதலையும் இழப்பான்.

பகைவரை வெல்லுதல் அரிது. வென்றபின் தம்முள் ஒற்றுமையோடு வாழ்தல் அதனினும் அரிது. இதனை நாப்பிலியோ தன் குருதியால் கற்றது. கற்றதை மறவாமல் கண்ணாடியிட்டுக் காக்கிறது. வெனிஸ் நகரத்தாரின் கோட்டையும், துருக்கியரின் பள்ளிவாசலும், தன் மக்களின் குற்றமும், தன் சான்றோரின் உறுதியும் அங்கே அருகருகே நிற்கின்றன. அவ்வூரின் அழகு கடலால் மட்டும் அமைந்தது அன்று. அந்த நேர்மையாலும் அமைந்தது.

மாலையில் பேருந்து புறப்பட்டபோது, பூர்ட்சிக் கோட்டையின்மேல் இளவெயில் படிந்திருந்தது. மாணவர்களே, நீங்களும் ஊர்கள் பல காண்பீர்கள். காணும்போது, "இவ்வூரின் புகழ் யாது?" என்பதோடு நில்லாது, "இவ்வூர் தன் பிழையை எங்கே எழுதி வைத்துள்ளது?" என்றும் கேளுங்கள். அவ்வினாவுக்கு அஞ்சாது விடை தரும் ஊரே பெருமை உடைய ஊர்.