பேராசை அல்ல, அவசரம்

குற்றாலச் சீசனுக்கு வீட்டை வாடகைக்கு விட்டு ஏமாறுகிறவர்கள் பேராசையால்தான் ஏமாறுகிறார்கள், தெரியாதவருக்கு வீடு தராமல் இருந்தாலே போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் நாட்களுக்கென்று தென்காசியிலோ இலத்தூரிலோ வீட்டை விடுகிறவருக்கு, வருகிற எல்லோருமே தெரியாதவர்கள்தான். நாடெங்கும் நடந்துவரும் மோசடியைப் பாருங்கள். ராணுவ அதிகாரி என்று ஒருவர் அழைக்கிறார். பேரம் பேசாமல் முன்பணத்துக்கு ஒப்புகிறார். க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்கிறார். போட்டதும் பணம் போகிறது. இன்னொரு வகையில், 2,000 ரூபாய்க்குப் பதில் 20,000 வந்துவிட்டதாகப் போலிக் குறுஞ்செய்தி. மீதியை உடனே திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சல். இதில் சிக்குகிறவர் அடுத்தவர் காசு தனக்கு வேண்டாம் என்று நினைப்பவர். இதையா பேராசை என்பது?

சீசன் நெரிசலில் சரிபார்த்துக்கொண்டிருந்தால் வாடிக்கை கைநழுவும் என்பார்கள். ஆனால் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிக் கணக்கைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். குடும்பத்தோடு அருவிக்கு வருகிறவர் அந்த ஒரு நிமிடம் பொறுப்பார். மோசடிக்காரர்கள் பயன்படுத்திய, தனிநபர்களுக்கிடையே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபரில் நிறுத்தியது. குறை முழுக்க ஏமாந்தவர் மனத்தில்தான் என்றால் அந்த வழியை அடைத்திருக்க வேண்டியதில்லை. பேராசைக்காரர் என்ற பழிக்குக் கூசி, சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணை அழைக்க ஒருவர் தயங்கும் நேரத்தில், அவர் பணம் பல கணக்குகள் மாறிப் போய்விடுகிறது.