லாரியின் முதுகில் எழுதியிருப்பதை ஒரு தடவை படியுங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள். பாதி தெரிந்துகொண்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய விஷயமே.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். "சார், என்னைத் தெரியுதா?" என்றான். பேரைச் சொன்ன பிறகுதான் பிடிபட்டது. பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. அறிவியலில் தேறாமல் படிப்பை அதோடு விட்டவன். இப்போது டேங்கர் லாரி ஓட்டுகிறான். ஆசிட், காஸ்டிக் சோடா, ஓலியம் என்று எல்லா லோடும் ஏற்றியிருக்கிறான்.

"நீங்க சொன்னதுல ஒரே ஒரு வரிதான் சார் மனசுல நின்னுச்சு. 'அமிலத்துல தண்ணிய ஊத்தாதே, தண்ணியில அமிலத்தை ஊத்து.' அதை வச்சுத்தான் சார் பொழப்பு ஓடுது" என்றான். வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாயசம் இன்னும் கொஞ்சம் இனித்தது.

அடுத்து அவன் சொன்னதில் அந்த இனிப்பெல்லாம் இறங்கிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பைபாஸ் ரோட்டில் இவனுக்கு முன்னால் போன ஓலியம் டேங்கர், குறுக்கே வந்த பைக்குக்காக ஒடித்துப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. வால்வு கசிந்து வெள்ளைப் புகை கிளம்பியிருக்கிறது. ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் அந்த டிரைவர், அடி விழும் என்ற பயத்தில் வயல் வழியே ஓடிவிட்டார். கூட இருந்த கிளீனர் பையன், பத்தொன்பது வயசு இருக்கும், வால்வை மூடப் போய் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் தெறித்துவிட்டது. எதிர் ஓட்டலில் மோட்டாரைப் போட்டு, ரோட்டைக் கழுவிவிட ஓஸ் பைப்பை இழுத்து வந்திருக்கிறார்கள். ஒரு அம்மா குடத்துத் தண்ணீரைப் பையன் காலில் ஊற்ற ஆரம்பித்திருக்கிறார்.

நம்ம பையன் லாரியை நிறுத்திவிட்டு, "தண்ணி ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடியிருக்கிறான். ஓஸ் பைப் நின்றது. அந்த அம்மாவும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அஞ்சு நிமிஷம் இருக்கும் சார். அவன் கத்துறான், நாங்க சுத்தி நிக்கிறோம். கால்ல ஊத்தலாமா கூடாதான்னு எனக்கே தெரியல. மூணு நாள் டிரெய்னிங்ல சொல்லியிருக்காங்கதான். ஆனா அந்த நேரத்துக்கு ஞாபகம் வந்தது உங்க வரி மட்டும்தான்."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பையன் பிழைத்துவிட்டான். இரண்டு ஆபரேஷன், தோல் ஒட்டு, இன்னமும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறானாம்.

முப்பத்தொரு வருஷம் அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மார்க் கேள்வி. மறுபாதியை நான் சொல்லவே இல்லை. அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அடர் கந்தக அமிலம் தண்ணீரைப் போல 1.84 மடங்கு கனமானது. அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால் மேலேயே நின்று, கலக்கும்போது வரும் சூட்டில் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து அள்ளித் தெறிக்கும். ஓலியம் அதற்கும் மேலே. கந்தக அமிலத்துக்குள் சல்பர் டிரை ஆக்சைடைக் கரைத்து வைத்தது அது. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே அமில மூட்டமாக மாறும். அதன்மேல் ஓஸ் பைப்பைத் திருப்பினால் புகை பெருகும், சூடு ஏறும், கழுவின தண்ணீர் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் போகும். ஆகவே தரையில் கொட்டிக் கிடக்கும் சரக்கின்மேல் நாம் தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஆனால் உடம்பில் பட்டது வேறு கணக்கு. தோலின்மேல் இருப்பது மெல்லிய படலம். அதன்மேல் நிறையத் தண்ணீர் தொடர்ந்து ஓடினால், வருகிற சூட்டையும் அமிலத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். தரையில் நிறைய அமிலம், கொஞ்சம் தண்ணீர். உடம்பில் கொஞ்சம் அமிலம், நிறையத் தண்ணீர். அதே வேதியியல்தான், அளவு மட்டும் தலைகீழ். அடிபட்டவரைக் கசிவிலிருந்து தள்ளிக் கொண்டுவந்து, நனைந்த துணியையும் செருப்பையும் கழற்றி, குறைந்தது இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். கண் என்றால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். நனைத்த துணியால் ஒற்றுவது போதாது. மஞ்சள், பேஸ்ட், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது.

அந்த அம்மா செய்ததுதான் சரி. என் வரி அவரை நிறுத்திவிட்டது.

ஓலியம் மட்டுமல்ல. குளோரோசல்போனிக் அமிலம், தயோனில் குளோரைடு, பாஸ்பரஸ் டிரை குளோரைடு எல்லாம் தண்ணீர் பட்டால் சீறி, மூச்சை அடைக்கும் புகை கக்கும் சரக்குகள். 1974 ஏப்ரலில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு சேமிப்புத் தொட்டியிலிருந்து சிலிக்கான் டெட்ரா குளோரைடு கசிந்தது. ஈரக் காற்றோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமில மேகமாகக் கிளம்பியது. நடுவில் மழை வேறு பெய்து நிலைமையை மோசமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மழையே எதிரியாகிற விபத்து இது. இந்தச் சரக்கெல்லாம் ஏன் ரோட்டில் போகிறது என்று கேட்காதீர்கள். சலவைத் தூள், சாயம், மாத்திரை எல்லாவற்றுக்கும் பின்னால் இவை இருக்கின்றன.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

அபாயச் சரக்கு ஏற்றும் லாரியில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்று 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. சரக்கின் பெயர், ஐ.நா. எண், அபாயப் படம், தொலைபேசி எண்கள் எல்லாம் அதில் உண்டு. கந்தக அமிலத்தின் எண் 1830. ஓலியத்தின் எண் 1831. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். ஆனால் தீயணைப்பு வீரர்களுக்கான ஹாஸ்கெம் குறியீட்டில் முதலாவது '2பி', இரண்டாவது '4டபிள்யூஇ'. 2 என்றால் தண்ணீரைப் பனிபோலத் தூவலாம். 4 என்றால் தண்ணீரே கூடாது, உலர்ந்த பொருள்தான். டபிள்யூ என்றால் மூர்க்கமாக வினைபுரியலாம், வடிகாலில் விடாமல் தடுத்து நிறுத்து. கடைசி இ, சுற்றியுள்ள மக்களை அப்புறப்படுத்துவதை யோசி என்று சொல்கிறது.

அருமையான ஏற்பாடு. ஆனால் அது யாரோடு பேசுகிறது? பயிற்சி பெற்றவரோடு மட்டும். முதல் பத்து நிமிஷத்தில் அங்கே நிற்பவர் டீக்கடைக்காரர், பஸ் பயணி, வயலில் களை எடுக்கும் பெண்கள். அவர்களுக்கென்று அந்தப் பலகையில் ஒரு வரிகூட இல்லை. "கொட்டினால் தண்ணீர் ஊற்றாதீர், உடம்பில் பட்டால் தண்ணீரில் கழுவுங்கள், விலகி நில்லுங்கள்" என்று தமிழ்நாட்டு ரோட்டில் ஓடும் இந்த வகை லாரிகளில் தமிழில் பெரிசாக எழுதினால் பெயின்ட் செலவு எவ்வளவு ஆகிவிடும்? மக்களை விலக்கித்தான் வைக்க வேண்டும், அவர்களுக்கு எதற்குப் பாடம் என்று சிலர் கேட்பீர்கள். விலகி நில் என்பதையும் அவர்களுக்குப் புரிகிற மொழியில்தானே சொல்ல வேண்டும்?

இன்னொன்று, நம்மைப் பற்றியது. அந்த டிரைவர் ஏன் ஓடினார்? தொட்டியில் இருப்பது என்ன, எந்த வால்வை மூட வேண்டும், விபத்துக் குறிப்பு அட்டை கேபினில் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அவரைத் 'தர்ம அடி' பயத்தில் ஓட வைத்துவிட்டு நாம் ஓஸ் பைப்பைத் தேடுகிறோம். தப்பு அவர்மேல் இருந்தால் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். கசிகிற டேங்கர் பக்கத்தில் டிரைவர்மேல் கை வைப்பவர், அந்த ஊரின்மேலேயே கை வைக்கிறார்.

போபால் நடந்து சரியாக ஒரு வருஷத்தில், 1985 டிசம்பர் 4ஆம் தேதி, டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் கசிந்தது. தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் இருந்த ஒரு வழக்கறிஞர் இறந்ததாக உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அபாயத் தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்லாமல் இழப்பீடு தர வேண்டும் என்று 1986இல் அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. மிகப் பெரிய தீர்ப்பு. ஆனால் இழப்பீடு விபத்துக்குப் பின்னால் வருவது. முதல் ஐந்து நிமிஷத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. அது நம் கையில் இருக்கிறது.

ஆகவே இப்படி ஒன்றைக் கண்டால் காற்று வருகிற பக்கமாக, மேட்டுப் பக்கமாக விலகுங்கள். வீடியோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள். வட அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்கள் வைத்திருக்கும் அவசரக் கையேடே இந்த வகைத் திரவம் கசிந்தால் எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டர் காலியாக்கச் சொல்கிறது. நாம் அதற்கும் தள்ளி நிற்போம். பலகையில் இருக்கும் நான்கு இலக்க எண் தூரத்திலிருந்தே தெரிந்தால் 101க்கோ 112க்கோ அதைச் சொல்லுங்கள். உலர்ந்த மணல் போடுவது, சுண்ணாம்பு போடுவது எல்லாம் அதற்கான உடையும் மூச்சுக் கருவியும் போட்டு வருபவர்களின் வேலை.

என் மாணவர்களில் இன்று வாத்தியார்களாக இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்த இரண்டு மார்க் வரியைச் சொல்லும்போது, கூடவே மறுபாதியையும் சொல்லிவிடுங்கள். பரீட்சையில் கேட்க மாட்டார்கள். ரோட்டில் கேட்பார்கள்.

கல்யாண வீட்டில் அவன் கையைப் பிடித்து, "தப்பு உன்னுது இல்லப்பா, என்னுது" என்று சொன்னேன். "விடுங்க சார்" என்றான். என்னால் விட முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்